மெடிகேரில் போட்டோபெரெசிஸ்: கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டியவை

நோயாளியின் ரத்தத்தை எடுத்து, வெள்ளணுக்களைப் பிரித்து, மெத்தாக்ஸாலென் மருந்து கலந்து, புற ஊதா ஏ ஒளியில் காட்டி, மீண்டும் உடலுக்குள் செலுத்துவதுதான் போட்டோபெரெசிஸ். அமெரிக்காவில் முதியோருக்கும் உடற்குறை உள்ளோருக்குமான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 1988 முதல் இதற்குப் பணம் தருகிறது. பின்னணி இவ்வளவு போதும். பணம் மறுக்கப்படுவது எங்கே என்பதுதான் நோயாளிக்கும் வீட்டாருக்கும் உடனே தெரிய வேண்டியது.

எதற்குப் பணம் தரலாம் என்று சொல்லும் மெடிகேரின் தேசிய விதி 110.4 நான்கு நிலைமைகளை மட்டும் ஏற்கிறது. ஒன்று, மற்ற சிகிச்சைக்கு அடங்காத, வெள்ளணுப் புற்றுநோய் தோலில் வெளிப்படும் தோல் டி-செல் லிம்ஃபோமா. இரண்டு, மாற்று இதயத்தை உடல் திடீரென நிராகரித்து, வழக்கமான மருந்துகளுக்கும் கட்டுப்படாத நிலை. மூன்று, எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பின் கொடையாளியின் அணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்கும் ஜிவிஹெச்டி. அதிலும் நாள்பட்ட வகை, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காதது. நான்கு, மாற்று நுரையீரலின் சிறு மூச்சுக்குழாய்கள் அடைபடும் பிஓஎஸ். அதுவும் மெடிகேர் ஒப்புக்கொண்ட ஆய்வில் சேர்ந்தவருக்கு மட்டும். தோல் இறுகும் ஸ்க்ளீரோடெர்மா, எக்ஸிமா, குடல் அழற்சியான க்ரோன் நோய் எதற்கும் கிடையாது. மருத்துவர் பலன் கிடைக்கும் என்று சொன்னாலும் இந்த விதி மாறாது.

தகுதி இருந்தும் பணம் நிற்பது பெரும்பாலும் மருத்துவக் குறிப்பில்தான். குறிப்பில் வெறும் "ஜிவிஹெச்டி" என்றிருந்தால் பில் டி89.813 என்ற "வகை குறிப்பிடாத" நோய்க் குறியீட்டில் போய்விடும். நாள்பட்டதற்கு உரியது டி89.811. ஒரு இலக்கப் பிழைக்காக, நோயில் தளர்ந்திருப்பவரை மாதக்கணக்கில் கடிதம் எழுத வைப்பார்கள். "மருந்துக்குக் கட்டுப்படவில்லை" என்ற ஒற்றை வரியும் போதாது. எந்த மருந்து, என்ன அளவு, எந்தத் தேதி முதல் எதுவரை, அதன் பின் தோல், கண், வாய், நுரையீரல் எப்படி இருந்தன என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். முதல் அமர்வுக்கு முன்பே அந்தக் குறிப்பின் நகலை வாங்கி நீங்களே படித்துப் பாருங்கள்.

மெடிகேர் மறுக்கக்கூடும் என்று மருத்துவமனை நினைத்தால், மெடிகேர் தராவிட்டால் செலவு உங்கள் பொறுப்பு என்று முன்கூட்டியே சொல்லும் ஏபிஎன் என்ற படிவத்தை நீட்டும். அதில் மூன்று கட்டங்கள். அவசரத்தில் இரண்டாவதைக் குறித்துவிட்டால், மெடிகேருக்குப் பில்லே போகாது. மேல்முறையீட்டு உரிமையும் போய்விடும். முதல் கட்டத்தைக் குறித்தால் முன்பணம் கேட்கலாம், ஆனால் பில் போகும், மறுத்தால் வாதாடலாம். மறுப்பு கைக்கு வந்த நாளிலிருந்து 120 நாட்களுக்குள் முதல் முறையீடு. அதிலும் தோற்றால் அடுத்த படிக்கு 180 நாட்கள். நோய் தீவிரமாக இருக்கும்போது அந்தக் கடிதம் மேசையில் புதைந்துபோகும். வந்த அன்றே உறையின் மேல் தேதி எழுதி வையுங்கள்.

மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் நிறுவனம் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஏபிஎன் பொருந்தாது. முன் அனுமதிதான் அங்கே தடை. தேசிய விதியில் உள்ளதைத் திட்டம் தன் சொந்த விதி காட்டி மறுக்கக் கூடாது. தொலைபேசியில் "இது கவர் ஆகாது" என்பார்கள். அந்தப் பேச்சை ஏற்காதீர்கள், எழுத்தில் முடிவு கேளுங்கள். எழுத்து இல்லாமல் முறையீடு நகராது. தாமதம் உடல்நிலையைக் கெடுக்கும் என்று மருத்துவர் எழுதித் தந்தால் 72 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும்.

பணக் கணக்கையும் முன்பே போடுங்கள். லிம்ஃபோமாவுக்கு வழக்கமாக நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அடுத்தடுத்த இரண்டு நாட்கள். ஏழு சுற்று என்றால் 14 அமர்வு. மெடிகேரில் மருத்துவர், புறநோயாளிச் செலவுக்கான பகுதி பார்ட் பி. அதில் முதலில் நீங்களே கட்ட வேண்டிய கழிவுத்தொகைக்குப் பிறகு ஒவ்வொரு அமர்விலும் 20 சதவீதம் உங்கள் பங்கு. அரசே நேரடியாக நடத்தும் அசல் மெடிகேரில் இதற்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை. மெடிகேப் என்ற தனியார் துணைக் காப்பீடு இந்தப் பங்கைத் தாங்கும். ஆனால் 65 வயதுக்கு மேல் பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதம் தாண்டினால், பெரும்பாலான மாநிலங்களில் நோயைக் காட்டி மறுக்க முடியும். பெற்றோரை இப்போதுதான் மெடிகேரில் சேர்ப்பவர்கள் இந்த ஆறு மாதத்தைத் தவறவிடாதீர்கள்.

சிகிச்சைக்கு முந்தைய நாளும் அன்றும் கொழுப்புணவு வேண்டாம். பிளாஸ்மா கலங்கினால் இயந்திரத்தின் ஒளி உணரிகள் தடுமாறி, அமர்வு பாதியில் நிற்கலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். நரம்பு கிடைப்பது எளிதாகும். முடிந்த பின் 24 மணி நேரம் வெயில் படாமல், புற ஊதா ஒளியைத் தடுக்கும் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். மேகமூட்டமான நாளிலும் கழற்றக் கூடாது.

போய்வரும் செலவையும் இரவு தங்கும் செலவையும் அசல் மெடிகேர் தராது. வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்டு காப்பீடும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குப் போக்குவரத்து வசதி உண்டு; பல நாட்கள் முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதால், அமர்வுத் தேதி கிடைத்த அன்றே இரண்டு நாட்களுக்கும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.