தைராய்டு கண்குழி நோய் – சொல் விளக்கம்

'கல்லறை நோய்' என்று இன்னும் எத்தனை மருத்துவக் குறிப்புகளில்தான் படிப்பது? ஆங்கிலத்தில் Graves' disease என்பதை, grave என்றால் கல்லறைதானே என்று இப்படி மொழிபெயர்த்துவிடுகிறார்கள். கிரேவ்ஸ் என்பது ஒரு மனிதரின் பெயர். டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ், கழுத்துக் கழலையும் படபடப்பும் சேர்ந்து வந்த பெண்களைப் பற்றி 1835இல் எழுதினார். 1840இல் ஜெர்மனியின் மெர்செபர்க் ஊரில் கார்ல் ஃபான் பாசெடோ, இவற்றோடு கண் பிதுங்குவதையும் சேர்த்து விவரித்தார். அங்கே இன்றும் அது பாசெடோ நோய்தான். இந்நோய் தாக்கும் கழுத்துச் சுரப்பியான தைராய்டின் பெயர், கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சோதனை முடிவோடு பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் 'உங்களுக்குக் கல்லறை நோய்' என்று எழுதி நீட்டுவது கொடுமை.

சரி, இந்த நோயோடு வரும் கண் பாதிப்புக்கு, இதைத் திருத்துகிறவர்கள் வைக்கும் பெயர் 'விழிப்பிதுக்க நோய்'. நல்ல தமிழ், கேட்டதும் புரியும். ஆனாலும் எனக்கு ஏற்பில்லை. பிதுக்கம் ஓர் அறிகுறி மட்டுமே. கண்ணுக்குப் பின்னால் கட்டி வளர்ந்தாலும் விழி பிதுங்கும். இந்த நோயில் நடப்பதே வேறு. தைராய்டைத் தூண்டிவிடும் அதே எதிர்ப்பொருள்கள் (antibodies) விழிக்குப் பின்னாலுள்ள திசுவையும் சீண்டுகின்றன. அங்கிருக்கும் தசையும் கொழுப்பும் வீங்குகின்றன. கண்குழியோ எலும்பாலானது, விரிந்து கொடுக்காது. வீக்கம் முன்னால் தள்ளினால் விழி பிதுங்கும். தள்ள வழியில்லாமல் இமைகள் இறுக்கிப் பிடித்தால் உள்ளே பார்வை நரம்பு நசுங்கும். பார்வையே போகக்கூடிய அந்த நிலையில் சிலருக்குக் கண் பெரிதாகப் பிதுங்கியே இருக்காது, நிறங்கள்தான் மங்கும். 'எனக்குத்தான் கண் பிதுங்கவில்லையே' என்று அவர் சும்மா இருந்துவிட்டால், அதில் அந்தப் பெயருக்கும் பங்கு உண்டு.

அதனால் 'தைராய்டு கண்குழி நோய்' என்பதே சரி என்பேன். நோய் எங்கே இருக்கிறது என்று பெயரே சொல்லிவிடுகிறது. 'கேடயச் சுரப்பி' என்று மாற்றச் சொல்லும் தனித்தமிழ் அன்பர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் மருந்துக் கடையிலும் ஆய்வுக்கூடத்திலும் வீட்டுப் பேச்சிலும் புழங்குவது தைராய்டுதான்.

சிகிச்சையை விளக்கவும் கண்குழி என்ற சொல் வேண்டியிருக்கிறது. நோய் கடுமையானால் மீத்தைல்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைச் சிரை வழியாக, வழக்கமாக வாரம் ஒருமுறை 12 வாரம் கொடுப்பார்கள். நரம்பு நசுங்கினால் அளவைக் கூட்டி, அடுத்தடுத்த நாள்களில் கொடுப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் கண்குழிச் சுவரில் கொஞ்சம் எலும்பை எடுத்து, வீங்கிய திசுவுக்கு இடம் விடும் அறுவை சிகிச்சை. இதைப் போய் 'சுற்றுப்பாதை அழுத்த நீக்கம்' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் orbit என்ற சொல் கண்குழிக்கும் கோள்களின் பாதைக்கும் பொது. தமிழில் சுற்றுப்பாதை கோள்களுக்கு உரியது! 2020இல் அமெரிக்கா அனுமதித்த டெப்ரோடுமுமாப் என்ற இந்நோய் மருந்தைப் பற்றிய குறிப்புகளிலும் இதே சுற்றுப்பாதை.

அப்புறம், உடல் தன்னையே தாக்குவதைக் குறிக்கத் 'தன்னுடல் தாக்குநோய்' என்ற அருமையான சொல் இருக்கும்போது, autoimmune என்பதற்குத் 'தானியங்கி நோயெதிர்ப்பு' எங்கிருந்து வந்தது? தானியங்கி என்றால் தானாக இயங்குவது. படிக்கிறவர் தன் எதிர்ப்புச் சக்தி நன்றாக வேலை செய்கிறது என்றல்லவா நினைத்துக்கொள்வார்? மொழிபெயர்ப்பவர்கள் அச்சுக்கு அனுப்புமுன் ஒரு கண் மருத்துவரிடம் படித்துக் காட்டினாலே போதும், இவை அங்கேயே நின்றுவிடும்.