ரிஃபார்மர்: சொல்லின் வேர், தமிழ்ப் பெயர், வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ரிஃபார்மர் (பெயர்ச்சொல்): பிலாட்டீஸ் என்னும் உடற்பயிற்சி முறையைக் கற்பிக்கும் கூடத்தின் முதன்மைக் கருவி. நீள்சதுரச் சட்டம். அதற்குள் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும் மெத்தைப் பலகை. பலகையைச் சட்டத்தின் கால்பக்கத்தோடு இழுத்துப் பிடிக்கும் நான்கைந்து ஸ்பிரிங்குகள். தலைப்பக்கத்தில் கப்பி வழியாக வரும் இரண்டு கயிறுகள். படுத்து, உட்கார்ந்து, முழந்தாளிட்டு, நின்று என எல்லா நிலையிலும் பயிற்சி செய்யலாம். எடைக்கல் கிடையாது, பளு முழுவதும் ஸ்பிரிங்கிலிருந்தும் பயிற்சி செய்பவரின் உடல் எடையிலிருந்தும் வருகிறது.

அகராதியைத் திறந்தால் 'சீர்திருத்துபவர்' என்றிருக்கும். அதை நம்பி மொழிபெயர்த்தால் 'சீர்திருத்தவாதி வகுப்புகள் காலை 6 மணிக்கு' என்று விளம்பரம் வரும். ஏதோ சமூக இயக்கத்தின் பயிற்சி முகாம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வேர்

இலத்தீனில் 'ஃபோர்மா' என்றால் உருவம்; 'ரே' என்ற முன்னொட்டு 'மீண்டும்'. மீண்டும் உருக்கொடுப்பது என்பதே மூலப்பொருள். ஆங்கிலத்தில் அது சமயத்துக்கும் அரசியலுக்கும் போய்ச் சீர்திருத்தம் ஆனது. பெட்ரோலிய ஆலையில் மூலக்கூறுகளை மாற்றியமைக்கும் பகுதிக்கும் அதே பெயர்தான். உடலை மீண்டும் ஒழுங்கான உருவத்துக்குக் கொண்டுவரும் கருவி என்ற பொருளில், இந்தப் பயிற்சி முறையை உருவாக்கிய ஜோசப் ஹூபர்ட்டஸ் பிலாட்டீஸ் அதை எடுத்துக்கொண்டார். அவர் காலத்து முழுப்பெயர் 'யுனிவர்சல் ரிஃபார்மர்'.

அவர் 1883இல் ஜெர்மனியின் மொன்ஷன்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். முதல் உலகப்போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்ததால் எதிரி நாட்டவராகத் தடுத்து வைக்கப்பட்டு, ஐல் ஆஃப் மேன் தீவின் நாக்கலோ முகாமுக்குப் போனார். அங்கே நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங் மாட்டி, படுத்தபடியே பயிற்சி கொடுத்ததுதான் ரிஃபார்மரின் கரு என்ற கதையைப் பல கூடங்களில் சொல்வார்கள். கதையாகவே வைத்துக்கொள்வது நல்லது. உறுதியாகத் தெரிவது, 1920களின் நடுவில் அமெரிக்கா போய், துணைவி கிளாராவுடன் நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் கூடம் நடத்தினார் என்பதும், 1927இல் ஒரு காப்புரிமை பெற்றார் என்பதும். அந்தக் காப்புரிமையின் தலைப்பு வெறும் 'உடற்பயிற்சிக் கருவி' என்றுதான் இருக்கிறது.

பிலாட்டீஸ் என்பதும் அவர் வைத்த பெயரல்ல. தன் முறையை அவர் 'கான்ட்ராலஜி' என்றார்; 1945இல் வந்த அவருடைய நூலின் தலைப்பிலும் அதுதான் இருக்கிறது. 1967இல் அவர் இறந்த பிறகு குடும்பப்பெயரே முறையின் பெயராக நிலைத்தது. தமிழில் பைலேட்ஸ், பிலேட்ஸ் என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஒலிக்கு நெருக்கமானது 'பிலாட்டீஸ்'. கடைசியில் வரும் 'ஸ்' பெயரின் பகுதி, பன்மை விகுதியன்று. 'பிலாட்டீ' என்று ஒருமை கிடையாது.

இந்தப் பெயருக்கு வணிகக்குறி உரிமை கோரி நியூயார்க்கில் ஒரு வழக்கு நடந்தது. எதிர்த்தரப்பில் இருந்தது கலிஃபோர்னியாவின் கருவி நிறுவனம், இன்றைய பேலன்ஸ்டு பாடி. யோகா, கராத்தே போல இதுவும் ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர்தான், யாருக்கும் தனியுரிமை இல்லை என்று 2000 அக்டோபரில் மன்ஹாட்டன் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு கூடங்கள் பெருகின, பயிற்சிச் சான்றிதழ்கள் பெருகின, கருவிகளும் பெருகின. கூடவே ஒரு சிக்கல்: நகரும் பலகை ஒன்று இருந்தால் போதும், ரிஃபார்மர் என்று விற்கலாம். ரப்பர்க் கயிறு பூட்டிய மடிப்புக் கருவியும் ரிஃபார்மர், 70 கிலோ மேப்பிள் மரக் கருவியும் ரிஃபார்மர்.

தமிழில்

'சீர்திருத்தி', 'மறுவாக்கி' என்று வேர்ப்பொருளைப் பிடித்து ஆக்கலாம். ஆனால் இரண்டிலும் வேதியியல் நெடி. கருவியைப் பார்க்காதவருக்கு எதுவும் விளங்காது. 'ஸ்பிரிங் கட்டில்' என்றால் மரச்சாமான் கடைக்குப் போய்விடுவார்கள். கருவியின் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்பதானால் 'நகர்பலகைக் கட்டில்' பொருந்தும்: சட்டம் கட்டில்தான், அதில் நகர்வது பலகை. எழுத்தில் ஒருமுறை இப்படி விளக்கிவிட்டு, பிறகு ரிஃபார்மர் என்றே எழுதுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

உறுப்புகளுக்கு நல்ல தமிழ் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. ஓடும் பாதைக்குத் தண்டவாளம். கயிறு சுற்றிவருவது கப்பி, கிணற்றில் வாளி இறைத்த அதே கப்பி. கயிற்றுக்குப் பதில் தோலில் வருவது வார். தோள் முட்டி நிற்கும் இரண்டு கட்டைகள் தோள்முட்டு. பாதம் வைத்துத் தள்ளும் குறுக்குக் கம்பி பாதக்கம்பி. 'சுருள்வில்' பாடநூலில் எல்லாரும் படித்த சொல். ஆனாலும் வகுப்பில் 'ஒரு ஸ்பிரிங் குறைங்க' என்றுதான் குரல் வரும். இங்கும் அப்படியே.

எந்த வகுப்புக்கு எந்த ரிஃபார்மர்

பழைய கூடத்தில் ஒருவருக்கு ஒரு பயிற்றுநர். இன்றைய பெரிய மாற்றம் குழு வகுப்பு: எட்டு, பத்து, பன்னிரண்டு ரிஃபார்மர்கள் வரிசையாக, முன்னே ஒருவர். இதற்குப் பாரம்பரிய அமைப்புக் கருவியை வாங்கினால் நேரம் போய்விடும். பாரம்பரியக் கருவியில் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் ஒரே வலுவில் இருக்கும், பாதக்கம்பிக்கு நிலைகள் குறைவு, வார் நீளத்தைக் கொக்கியில் மாற்ற வேண்டும். பயிற்றுநர் பக்கத்திலேயே இருந்தால் இது குறையே அல்ல. பலர் அந்தக் கட்டுப்பாட்டையே விரும்புகிறார்கள். பத்துப் பேர் உயரத்துக்கும் பயிற்சிக்கு நடுவே மாற்ற வேண்டும் என்றால், படுத்த நிலையிலிருந்து எழுந்து ஒரு கையால் நகர்த்தக்கூடிய பாதக்கம்பி, கயிற்று நீளத்தை நொடியில் கூட்டிக் குறைக்கும் பிடி, வலு வேறுபடும் ஸ்பிரிங்குகள் ஆகிய மூன்றும் வேண்டும். எல்லாக் கருவியும் ஒரே மாதிரியாக இருப்பது இவற்றைவிட முக்கியம். 'ஒரு சிவப்பு, ஒரு நீலம்' என்று பயிற்றுநர் சொல்லும்போது பத்துக் கருவியிலும் அது ஒரே பளுவாக இருந்தாக வேண்டும்.

நிறத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பேலன்ஸ்டு பாடி கருவியில் வலுக் குறைந்துவரும் வரிசை பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள். மற்ற நிறுவனங்கள் வேறு நிறம், வேறு வலு வைத்திருக்கின்றன. பொதுவிதி எதுவும் இல்லை. இரண்டு நிறுவனக் கருவிகளைக் கலந்து ஒரே வகுப்பில் போட்டால், ஒருவருக்குப் பலகை நகரவே நகராது, பக்கத்தில் இருப்பவருக்குச் சறுக்கிக்கொண்டு ஓடும்.

ஸ்பிரிங் கூடினால் கடினம், குறைந்தால் எளிது என்பது பாதி உண்மை. மல்லாந்து படுத்துப் பாதக்கம்பியைத் தள்ளும்போது அது சரி: தொடக்கநிலையில் மூன்று முழு ஸ்பிரிங் வரை போடுவார்கள். ஆனால் கைகளைப் பாதக்கம்பியில் ஊன்றி, கால்விரல்களைப் பலகையில் வைத்து உடலைப் பலகைபோல் நிறுத்தும் பயிற்சியில் ஸ்பிரிங்தான் தாங்கல். குறைத்தால் பலகை பின்னோக்கி ஓடப் பார்க்கும். அதை வயிற்றுத் தசைகள் பிடித்து நிறுத்த வேண்டும். 'எனக்கு லேசாகப் போடுங்கள்' என்று கேட்டவர் அங்கேதான் இடுப்பு தொய்ந்து முதுகைப் பிடித்துக்கொள்வார். இன்னொன்று, ஸ்பிரிங் இழுக்க இழுக்க எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும். ஆகவே ஒரே ஸ்பிரிங் குள்ளமானவருக்குக் குறைவாகவும் நீளக் கால்காரருக்கு அதிகமாகவும் தெரியும்.

வலுவும் இதயத்துடிப்பும் சேர்ந்த வகுப்புகள் இரண்டாவது போக்கு. பாதக்கம்பி இருக்கும் இடத்தில் குதிபலகையைச் செருகி, படுத்தபடியே குதிப்பார்கள். முழங்காலுக்குத் தரைக் குதிப்பின் அதிர்ச்சி வராது. ஸ்பிரிங் மிகக் குறைந்தால் பலகை கடைசிவரை பறந்து தடுப்பில் மோதும். மிகக் கூடினால் குதிப்பே வராது. சக்கரம் தேய்ந்த கருவியில் குதித்தால் சத்தம் கீழ்த்தளம்வரை கேட்கும். இந்த வகுப்பு நடத்துவதாக இருந்தால் குதிபலகையைத் தொடக்கத்திலேயே கருவியோடு வாங்குங்கள். பின்னால் வாங்கும்போது அந்த மாதிரிக்குப் பொருந்தாமல் போகலாம். இரு முனையிலும் நிற்கும் மேடையும் கைப்பிடிகளும் கொண்ட மெகாஃபார்மர் என்ற கருவி, லக்ரீ என்னும் வேறொரு பயிற்சி முறைக்கானது. பெயர் ஒத்திருக்கிறதே என்று பிலாட்டீஸ் பயிற்றுநரை அதில் நிறுத்தினால் அவர் தடுமாறுவார்.

இடம் குறைவான கூடங்கள் கோபுரம் பூட்டிய ரிஃபார்மரை நாடுகின்றன. தலைப்பக்கத்தில் நிமிர்ந்த கம்பிச் சட்டம், அதில் தொங்கும் ஸ்பிரிங்குகள், தள்ளுகம்பி. மேலே மெத்தையைப் போட்டு மூடினால் அதுவே மேசை. ஒரே இடத்தில் இரண்டு கருவி என்பது உண்மைதான்; கவனிக்க வேண்டியது தள்ளுகம்பியை. ஸ்பிரிங்கைக் கீழிருந்து பூட்டும்போது பாதுகாப்புச் சங்கிலி மாட்டியே ஆக வேண்டும். கை நழுவினால் கம்பி முகத்தை நோக்கித்தான் வரும்.

முதியோர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் வருபவர்கள், மூட்டுச் சிகிச்சைக்குப் பிறகு வருபவர்கள் என்றால் உயரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தரையை ஒட்டிய சட்டத்திலிருந்து எழவே அவர்களுக்கு ஒருவர் கை கொடுக்க வேண்டும். நாற்காலி உயரத்துக்கு, அதாவது 45 செ.மீ.க்கு நெருக்கமாக வரும் கால் வைத்த மாதிரி வேண்டும். அந்த உயரக் கருவியையே நின்று செய்யும் வலு வகுப்புக்கும் பயன்படுத்தினால் விழுகிற உயரம் கூடுகிறது.

வீட்டு மடிப்புக் கருவிகளில் ஸ்பிரிங்கா, ரப்பர்க் கயிறா என்பதே முதல் கேள்வி. ரப்பர் நாளடைவில் தளரும், இரண்டு பக்கமும் ஒரே அளவில் தளராது. பலகை ஒரு பக்கமாக இழுக்கும். பழகிப்பார்க்க அது போதும், கூடத்துக்கு ஆகாது. சுவர் பிலாட்டீஸுக்கும் சூடேற்றிய அறையில் நடக்கும் பாய் வகுப்புக்கும் கருவியே வேண்டாம்.

இடமும் பராமரிப்பும்

பெரும்பாலான கருவிகள் 2.3 முதல் 2.5 மீட்டர் நீளம், 65 முதல் 75 செ.மீ. அகலம். ஏறி இறங்கவும் பயிற்றுநர் நடக்கவும் சேர்த்துக் கருவிக்குச் சுமார் 50 சதுர அடி ஒதுக்குங்கள். உயரத்தை யாரும் கணக்கிடுவதில்லை. 175 செ.மீ. உயரமுள்ளவர் கை தூக்கினால் 2.2 மீட்டர், கால் வைத்த பலகை மேல் நின்றால் 2.6 மீட்டருக்கு நெருங்குகிறது. நம் ஊர்ப் பத்தடித் தளத்தில் ஓரடி இறங்கித் தொங்கும் மின்விசிறியின் இறக்கை ஏறக்குறைய 2.7 மீட்டரில் சுழலும். மின்விசிறியைக் கருவிக்கு மேலிருந்து நகர்த்துங்கள், அல்லது சுவரில் மாட்டுங்கள். பெட்டி லிஃப்டில் நுழையுமா, படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்புமா என்றும் பணம் கட்டுமுன் அளந்துவிட வேண்டும்.

முதலில் போவது ஸ்பிரிங்தான். ஓய்வில் இருக்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். இடைவெளியோ நெளிவோ துருவோ தெரிந்தால் அதை அன்றே கழற்றிவிடுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் துரு சீக்கிரம் பிடிக்கும். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது பேலன்ஸ்டு பாடி. கொக்கியின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஒரு ஸ்பிரிங்காவது பூட்டாமல் யாரையும் பலகையில் ஏற்றக் கூடாது. உடலைத் தலைக்கு மேலாகச் சுருட்டும் பயிற்சிக்கு முன் தலைத்தாங்கியைத் தாழ்த்த வேண்டும். மறந்தால் சுமை கழுத்தில் இறங்கும்.

பலகை தடதடத்தால் பெரும்பாலும் தலைமுடிதான் காரணம்: சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். தண்டவாளத்தை வாரம் ஒருமுறை மென்துணியால் துடைத்தால் போதும். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டி இன்னும் மோசமாகும். பலகை கோணலாக வந்தால் கயிற்று நீளங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பலகை ஓய்வில் இருக்கும்போது இரண்டு கைப்பிடியும் தோள்முட்டை ஒரே அளவில் எட்ட வேண்டும்.

விலைப்பட்டியல் வாங்கும்போது 'ரிஃபார்மர் 8' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். மாதிரியின் பெயர், கால் உயரம், ஒவ்வொரு வலுவிலும் எத்தனை ஸ்பிரிங், கயிறா வாரா, குதிபலகை உண்டா என்று எழுதுங்கள். மாற்று ஸ்பிரிங் ஒரு தொகுதி என்ன விலை, உள்ளூரில் கையிருப்பு உண்டா, கப்பலில் வந்தால் எத்தனை வாரம் ஆகும் என்ற மூன்றையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.