கைதட்ட ஆளில்லாத அரங்கு: 2020-ஆம் ஆண்டின் படப்பிடிப்பு நெறிமுறைகள் சொன்னது என்ன?

கொரோனாப் பொதுமுடக்கத்தால் முடங்கிய படப்பிடிப்புகளை நாடு முழுவதும் மீண்டும் தொடங்குவதற்கான நெறிமுறைகளை, மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சகம் 2020 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்டது. திரைப்படம், தொடர், வினாடி வினா என்று அவை வேறுபாடு காட்டவில்லை; ஆயினும், படப்பிடிப்புத் தளத்தில் பார்வையாளர்களை அனுமதிக்கக் கூடாது என்ற ஒரு வரி, போட்டி நிகழ்ச்சிகளைத்தான் அதிகம் பாதித்தது. தொடருக்குக் கூட்டம் தேவையில்லை. போட்டி நிகழ்ச்சிக்கோ கூட்டமும் ஆட்டத்தின் ஓர் உறுப்பு.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அமிதாப் பச்சன் நடத்தும் இந்தி வினாடி வினா நிகழ்ச்சியான 'கோன் பனேகா குரோர்பதி'. விடை தெரியாமல் திணறும் போட்டியாளர் அரங்கில் இருப்பவர்களிடம் வாக்குக் கேட்கும் உதவி வாய்ப்பு அதில் புகழ்பெற்றது. 2020 செப்டம்பர் 28 அன்று தொடங்கிய 12-ஆவது பருவத்தில் வாக்களிக்க அரங்கில் ஆளில்லாததால் அது நீக்கப்பட்டு, நண்பரைக் காணொலியில் அழைக்கும் வாய்ப்பு தரப்பட்டது. முதல் சுற்றில் விரைந்து விடையளிக்கப் போட்டியிடுவோரின் எண்ணிக்கையும், இடைவெளிக்காக, 10-லிருந்து 8 ஆகக் குறைந்தது.

அந்த நெறிமுறைகளின்படி, கேமராவுக்கு முன் நிற்பவர்கள் மட்டும் முகக்கவசத்தைக் கழற்ற முடிந்தது. மற்ற அனைவருக்கும் அது கட்டாயமாக இருந்தது. ஆறடி இடைவெளி, நுழைவாயிலில் வெப்பநிலைப் பரிசோதனை, ஒப்பனைக் கலைஞர்களுக்குப் பாதுகாப்புக் கவச உடை ஆகியவையும் கூறப்பட்டிருந்தன. உடை, பொய்முடி, ஒப்பனைப் பொருள்களைப் பலர் பகிர்வதைக் குறைக்க வேண்டும் என்பதோடு, சட்டையில் மாட்டும் மைக்கைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்றும் இருந்தது. ஒவ்வொரு போட்டியாளருக்கும் மைக் மாட்டிப் பழகிய தளங்களுக்கு இது சிறிய மாற்றமன்று.

வயது குறித்த விதி தனிக் கதை. மகாராஷ்டிர அரசு 2020 மே மாத இறுதியில் படப்பிடிப்புக்கு அனுமதி அளித்தபோது, 65 வயதைக் கடந்தவர்கள் தளத்துக்கு வரக் கூடாது என்று தடை விதித்திருந்தது. மற்ற தொழில்களில் இல்லாத தடையைக் கலைத்துறையினருக்கு மட்டும் விதிப்பது பாகுபாடு என்று கூறி, பம்பாய் உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 7 அன்று அதை ரத்து செய்தது. கொரோனாவுக்குச் சிகிச்சை பெற்று ஆகஸ்ட் 2 அன்றுதான் வீடு திரும்பியிருந்த பச்சனுக்கு அப்போது வயது 77. அந்தத் தடை நீடித்திருந்தால், நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளரே இருந்திருக்க மாட்டார். மத்திய நெறிமுறைகளோ, மூத்தவர்களும் கர்ப்பிணிகளும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும் என்ற அளவில் நின்றன.

நிலைமைக்கு ஏற்ப மாநிலங்கள் கூடுதல் கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்பதால், எத்தனை பேர் வேலை செய்யலாம் என்பது இடத்துக்கு இடம் மாறியது. மத்திய நெறிமுறைகள் வருமுன்பே, தமிழ்நாட்டில் சின்னத்திரைக்கு 2020 மே 21 அன்று 20 பேருக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. ஒளிப்பதிவு, ஒலி, விளக்கு, ஒப்பனை எனப் பிரித்தால் அந்த எண்ணிக்கை போதாது என்று திரைத்துறையினர் முறையிட்டபின், மே மாத இறுதியில் அது 60 ஆக உயர்ந்தது.

பார்வையாளர்களும் அவர்களின் வாக்கும் 'குரோர்பதி' அரங்குக்குத் திரும்பியது 13-ஆவது பருவத்தில். அதன் முதல் ஒளிபரப்பு 2021 ஆகஸ்ட் 23 அன்று, நெறிமுறைகள் வெளியாகிச் சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், அமைந்தது.