கண்ணைத் திருப்பாமல் தலையைத் திருப்பும் குழந்தை

பக்கவாட்டில் யாராவது கூப்பிட்டால் நாம் முதலில் கண்ணைத்தான் திருப்புவோம். சில குழந்தைகள் கண்ணை அசைக்காமல் முழுத் தலையையும் திருப்புவார்கள். "சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் டாக்டர், பழக்கமாயிடுச்சு" என்பார் அம்மா. குழந்தைகள் நரம்பியல் மருத்துவராக நான் அதைப் பழக்கம் என்று விட்டுவிடுவதில்லை. குழந்தையின் தலையை லேசாகப் பிடித்துக்கொண்டு என் விரலை இடமும் வலமும் நகர்த்துவேன். கண்கள் நடுவிலேயே நின்றுவிட்டு, மேலும் கீழும் நகர்த்தும்போது மட்டும் விரலோடு வந்தால், அடுத்து சட்டையைக் கழற்றி முதுகைப் பார்த்தாக வேண்டும். குனியச் சொன்னால் ஒரு பக்க விலா மேடாகத் தெரியும். முதுகெலும்பு வளையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கண்ணுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்? ரோபோ3 என்ற ஒரே மரபணுதான் சம்பந்தம். இந்தத் தொடர்பு 2004இல் கண்டறியப்பட்டது. இந்த மரபணு பழுதானால் வரும் நோய்க்கு HGPPS (Horizontal Gaze Palsy with Progressive Scoliosis) என்று பெயர். கண் பக்கவாட்டில் திரும்பாது, முதுகு வளைவு கூடிக்கொண்டே போகும் என்பதுதான் அதன் பொருள்.

கருவின் தண்டுவடத்தில் பல நரம்பு செல்கள் தங்கள் இழைகளை நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டும். நெட்ரின் என்ற புரதம் அவற்றை நடுக்கோட்டை நோக்கி ஈர்க்கிறது. இழையின் நுனியில் உள்ள டிசிசி என்ற ஏற்பி அதை உணர்கிறது. ஆனால் அதே நடுக்கோட்டில் ஸ்லிட் என்ற இன்னொரு புரதம் இழைகளை விரட்டிக்கொண்டும் இருக்கிறது. அப்புறம் எப்படித் தாண்டுவது? அங்கேதான் ரோபோ3 வருகிறது. கடக்கும் வரை அது விரட்டலை அடக்கி, நெட்ரினின் ஈர்ப்பைக் கூட்டுகிறது. கடந்ததும் அந்த வேலை நின்றுபோகும். ஸ்லிட்டின் விரட்டல் ஓங்கும். இழை வந்த வழியே திரும்ப முடியாது. ஈர்ப்பும் விரட்டலும் இவ்வளவு துல்லியமாகக் கைமாறுவது எனக்கு இன்னும் பிரமிப்புதான்.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ரோபோ3 வந்தால், மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் கடக்க வேண்டிய இழைகள் கடப்பதில்லை. இரு கண்களையும் சேர்த்துப் பக்கவாட்டில் திருப்பும் இணைப்பு அமையாது. முதுகின் இரு பக்கத் தசைகளின் ஒத்திசைவு குலைவதால் வளைவு வருகிறது என்று கருதப்படுகிறது. மூளையின் ஒரு பாதி எதிர்ப்பக்கக் கையை இயக்குவதுதான் வழக்கம். இவர்களுக்கு அதே பக்கக் கையை இயக்கும். இருந்தும் பொதுவாக நன்றாக நடப்பார்கள், படிப்பார்கள். அதனாலேயே கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.

எம்ஆர்ஐயில் மூளைத்தண்டின் நடுவே பிளவு போன்ற கோடு தெரியும். மரபணுப் பரிசோதனை அதை உறுதிசெய்யும். மிக அரிய நோய்தான். ஆனால் அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் நடக்கும் நம் குடும்பங்களில், ஒரே பழுதை இருவரும் சுமக்கும் வாய்ப்பு கூடுதல். இருவரும் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25% வாய்ப்பு உண்டு. அடுத்த குழந்தைக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறுங்கள். கர்ப்பத்தில் அம்மா சாப்பிட்டதோ செய்ததோ இதற்குக் காரணமில்லை. இதை வீட்டுப் பெரியவர்களிடமும் நான் நேராகவே சொல்லிவிடுவேன்.

வளைவு வளரும் வயதில் வேகமாகக் கூடலாம். எலும்பு மருத்துவரின் தொடர் கண்காணிப்பு தேவை. பலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும். அப்படியானால் நோயின் பெயரை அறுவைக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிகிச்சையின்போது நரம்புச் சமிக்ஞைகளைக் கண்காணிப்பவர்கள் எதிர்ப்பக்கத்தில் தேடுவது மூளையின் அதே பக்கத்தில் பதிவாகும். தெரிந்திருந்தால், அதற்கேற்பக் கருவியை முதலிலேயே அமைத்துக்கொள்வார்கள்.