நீண்ட நாள் நின்ற பழைய காரை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள்

"அண்ணே, பன்னிரண்டு வருஷமா நின்ன வண்டி. புது பேட்டரி போட்டேன், ரெண்டாவது செல்ஃப்லயே எடுத்துக்கிச்சு!"

போனில் அந்த வண்டிக்காரருக்கு அவ்வளவு சந்தோஷம். வண்டி 1950-ஆம் ஆண்டு பென்ட்லி மார்க் சிக்ஸ். டேங்க்கில் என்ன பெட்ரோல் இருந்தது என்று மட்டும் கேட்டேன். பழசு கொஞ்சம் கிடந்தது, அதோடு ஐந்து லிட்டர் புதுசு ஊற்றினேன் என்றார். சரி, இனி தொடாதீர்கள், வந்து பார்க்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. மறுநாள் காலையில் மறுபடி போன். செல்ஃப் சுற்றுகிறதாம், உள்ளே 'டக் டக்' என்று சத்தமாம், வண்டி எடுக்கவில்லையாம்.

வால்வு கவரைத் திறந்தால், வால்வைத் தள்ளித் திறக்கும் கம்பிகளான புஷ்ராட்டுகளில் இரண்டு வில்லாக வளைந்திருந்தன. பெட்ரோல் வருடக்கணக்கில் நின்றால் லேசான பகுதியெல்லாம் ஆவியாகிப் போய், மிச்சம் வார்னிஷ் போல ஆகிவிடும். மூடியைத் திறந்தாலே பெட்ரோல் வாசனை வராது, பழைய பெயின்ட் டப்பாவின் வாசனைதான் வரும். இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தப் பிசின் இளகிய நிலையில் இருப்பதால் ஒன்றும் தெரியாது. இரவு ஆறியதும் வால்வுத் தண்டையும் அது ஏறி இறங்கும் குழாயான கைடையும் சேர்த்து ஒட்டிவிடும். இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு பக்கவாட்டில் பிளாக்குக்குள் இருக்கிறது. இன்லெட் வால்வு மேலே ஹெட்டில், புஷ்ராட் வைத்து இயங்குகிறது. பிசின் போய்ச் சேரும் இடமும் இன்லெட் பக்கம்தான். காலையில் புஷ்ராட்டை கேம் தள்ளுகிறது, வால்வு அசையவில்லை, நடுவில் மாட்டிய கம்பி வளைகிறது. ஐந்து நிமிடம் ஓடிய இன்ஜினுக்கு ஹெட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று.

என்னிடம் இப்படி ஒரு வண்டி வந்தால் முதல் நாள் சாவியைத் தொடவே மாட்டேன். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் மெல்லிய எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊற விடுவேன். அதற்குள் டேங்க்கையும் கார்பரேட்டரையும் இறக்கிச் சுத்தம் செய்துவிடலாம். அப்புறம் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்ற வேண்டும். பிளக் இல்லாத இன்ஜின் ஒரே சீராகச் சுற்றும், அது உள்ளங்கையிலேயே தெரியும். ஓர் இடத்தில் முட்டி நின்றால் அங்கே பலம் காட்டாதீர்கள். கொஞ்சம் பின்னால் சுற்றி, மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். பத்து நாள் ஊறவைத்து விடுவித்த இன்ஜின் உண்டு. அவசரத்தில் வண்டியை கியரில் போட்டு லாரியில் கட்டி இழுத்து, பிஸ்டன் உடைந்து வந்த இன்ஜினும் உண்டு.

அடுத்தது சம்ப், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வண்டிகளில் ஊற்றிய ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் டிடர்ஜென்ட் கிடையாது. அழுக்கு எல்லாம் கீழே படிந்து, கறுப்புக் களிமண் மாதிரி கிடக்கும். அந்தக் கசடை எடுக்காமல் இன்றைய டிடர்ஜென்ட் ஆயிலை ஊற்றினால், அது தன் வேலையைச் செய்யும். கசடைப் பெயர்த்து ஆயில் பாதைகளுக்குள் அனுப்பிவிடும். அந்தக் காலத்து பேரிங்குகள் மெத்தென்ற வெள்ளை உலோகம் வார்த்தவை. ஆயில் ஒரு நிமிடம் வராவிட்டாலும் உருகும். 1936 முதல் 1939 வரை வந்த ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் த்ரீ இதில் இன்னும் தொட்டாற்சிணுங்கி. அதன் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினில் முதலில் வைத்தவை, வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட்டுகள். ஆயில் சுத்தமாக இல்லாவிட்டால் முதலில் சிணுங்குவது அவைதான். ஆகவே சம்ப்பைக் கழற்றி வழித்துவிட்டு, புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலேயே செல்ஃபில் சுற்றி, மீட்டரில் ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகுதான் பிளக் போடுவேன். முதல் ஸ்டார்ட்டுக்கு வண்டியின் டேங்க்கை நம்புவதில்லை. தனியாக ஒரு சின்ன கேனில் புது பெட்ரோல், புது ஹோஸ்.

ஆயில் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல எண்ணத்தில் ஊற்றிய ஒரு பாட்டில் ஒரு வண்டியையே முடக்கிவிடும். 1965-இல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோவுக்கு ஆர்.ஆர்.363 என்ற தனி பிரேக் ஆயில். 1980-இல் வந்த சில்வர் ஸ்பிரிட்டுக்கு மினரல் ஆயில். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் வண்டிகள். ஆனால் ஒன்றின் ஆயில் மற்றொன்றுக்கு விஷம். ரப்பர் சீல்கள் ஊதி, இளகி, பிரேக்கும் பின்பக்க உயரத்தைச் சரிசெய்யும் அமைப்பும் சேர்ந்தே படுத்துவிடும். அப்படி ஒரு ஷேடோ என்னிடம் வந்தது. லெவல் குறைந்திருந்தது என்று யாரோ அரை லிட்டர் மினரல் ஆயிலை ஊற்றியிருந்தார்கள். பம்ப்பிலிருந்து கடைசி சீல் வரை எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதாயிற்று. உள்ளே என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாதபோது ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். கியர் பாக்ஸிலும் இதே கதைதான். ஜி.எல்.5 ரக ஆயில் புதுசு, விலை அதிகம், நல்லதாகத்தான் இருக்கும் என்று ஊற்றுவார்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் வெண்கல, பித்தளைப் பாகங்களை மெதுவாகத் தின்னும்.

இன்ஜின் ஓடிவிட்டது என்பதற்காக வண்டியை வெளியே எடுத்துவிடாதீர்கள். பிரேக் ஹோஸ் வெளியே கறுப்பாக, வழவழவென்று இருக்கும். உள்ளே ரப்பர் ஊதிப் பாதை அடைத்திருக்கும். மிதித்தால் பிரேக் பிடிக்கும், காலை எடுத்தாலும் விடாது. ரோல்ஸ் ராய்ஸ் 1924-இலிருந்து சில்வர் கிளவுட் முடியும்வரை கியர் பாக்ஸ் சுழற்சியிலிருந்து பலம் எடுக்கும் மெக்கானிக்கல் சர்வோவை, அதாவது பிரேக் மிதிக்கு உதவும் அமைப்பை, வைத்திருந்தது. வண்டி உருண்டால்தான் அது உதவும். ஷெட்டிலிருந்து நடை வேகத்தில் பின்னால் எடுக்கும்போது பெடல் கல்லாக இருக்கும், பிடிப்பும் ஒரு கணம் தாமதித்து வரும். புதிதாக வாங்கியவர்கள் பலர் இந்தத் தாமதத்தில்தான் பம்பரைச் சுவரில் கொடுக்கிறார்கள்.

பிரேக் டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கிடக்கும் தூசியைக் காற்றடித்து ஊதுவது பட்டறைப் பழக்கம். நானும் பல வருடம் செய்தவன். அந்தக் காலத்து லைனிங், கிளட்ச் பிளேட், பல கேஸ்கெட் எல்லாவற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டுங்கள். அதற்குரிய மாஸ்க் இல்லாமல் தொட வேண்டாம். பையன்களைப் பக்கத்தில் நிறுத்தவே வேண்டாம்.

வயரிங்கைச் சோதிக்க மீட்டர்கூட வேண்டாம். டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு வயரை மெதுவாக வளையுங்கள். மேலே நூல் உறை அழகாக இருக்கும், உள்ளே ரப்பர் காய்ந்த சுள்ளி மாதிரி நொறுங்கும். நொறுங்கினால் மொத்த வயரிங்கையும் மாற்றுங்கள், டேப் சுற்றாதீர்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாடியோடு சேர்வது பேட்டரியின் பாசிட்டிவ். பழக்க தோஷத்தில் மாற்றிக் கொடுத்தால் ரேடியோதான் முதல் பலி.

"அதெல்லாம் எனக்கு வராது, வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் ஓட விடுறேன்" என்பவர்கள் உண்டு. மன்னிக்கவும், அதைவிடச் சும்மா நிறுத்தி வைப்பதே மேல். பத்து நிமிடத்தில் இன்ஜின் முழுச் சூடு ஏறாது. எரிந்ததில் உண்டாகும் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கித் துருவைக் கூட்டும். ஐடிலிங்கில் டைனமோவும் பேட்டரிக்கு ஒன்றும் தராது. 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். போன்ற வண்டிக்கு இது இன்னும் கெடுதல். அதன் இன்ஜெக்ஷன் பம்ப், சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் சுழன்று நிற்கும்வரை பெட்ரோலைச் சிலிண்டருக்குள் அடிக்கும். அந்தப் பெட்ரோல் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். அணைத்து அணைத்து எடுத்தால் ஆயில் கஞ்சித் தண்ணீர்தான். ஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுங்கள்.

ஓட்ட முடியாது, நிறுத்தத்தான் போகிறீர்கள் என்றால் ஒழுங்காக நிறுத்துங்கள். பெட்ரோலை இறக்குங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், போட்டால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் பெடலை அமுக்கி ஒரு மரத்துண்டு வைத்து அப்படியே நிறுத்துங்கள், பிளேட்டுக்கும் அதே ஆபத்துதான். பேட்டரியைக் கழற்றி வெளியே எடுங்கள். கடைசியாக ஓர் அட்டையில் என்னென்ன இறக்கினீர்கள், எங்கே கட்டை வைத்தீர்கள் என்று தேதியோடு எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள். பத்து வருடம் கழித்து கதவைத் திறப்பது நீங்களாக இல்லாமலும் போகலாம்.