பி.எம்.ஓ. மாறும்போது எதெல்லாம் நின்றுபோகிறது?

வட்டார மருத்துவ அலுவலர் (பி.எம்.ஓ.) மாறிக்கொண்டேதான் இருப்பார். மாறுதல் கலந்தாய்வு, பதவி உயர்வு, பணியில் இருப்போருக்கான ஒதுக்கீட்டில் மேற்படிப்பு என்று ஏதாவது ஒன்று வரும். அடுத்தவர் வரும்வரை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குக் கூடுதல் பொறுப்பு தருவார்கள். அவருக்கோ சொந்த ஓ.பி.யே மதியம்வரை ஓயாது. இந்த இடைவெளியில்தான் நிலையம் தடுமாறுகிறது.

முதலில் நிற்பது பணம். நோயாளர் நலச் சங்கக் கணக்கில் கையெழுத்து பழையவருடையது. பெயர் மாற்ற வங்கி தீர்மான நகல், பணியேற்பு அறிக்கை, மாதிரிக் கையெழுத்து எல்லாம் கேட்கும். அதற்குள் ஜெனரேட்டர் டீசல் பில் தேங்கிவிடும். விடுவிப்பு ஆணை வந்த அன்றே இந்தத் தாள்களைத் தயார் செய்யத் தொடங்குங்கள்.

அடுத்தது மருந்து. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் பாஸ்புக்கில் ஆண்டு ஒதுக்கீட்டில் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். எந்த மாதம் எது தீரும் என்பது தெரியாது. பாம்புக்கடி விஷமுறிவு மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விஷம் ஏறிய ஒருவருக்கு முதல் தவணையே 8 முதல் 10 குப்பி. ஸ்டாக் ரெஜிஸ்டரில் 12 குப்பி இருப்பதைப் பார்த்தால் புதியவருக்குப் போதும் என்றுதான் தோன்றும். நடவுக் காலத்தில் ஒரே இரவில் இரண்டு பேர் வந்தால் அது பத்தாது. இது அவர் தப்பு இல்லை. போன வருடம் மாதவாரியாக எவ்வளவு செலவானது என்பதை யாராவது ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

பொருள் பட்டியலும் அப்படித்தான். தடுப்பூசி வைக்கும் குளிர்பதனப் பெட்டி 'ஐ.எல்.ஆர். 1' என்று இருக்கும். மின்னழுத்தம் குறைந்தால் அதன் ஸ்டெபிலைசர் நின்றுவிடும் என்பது இருக்காது. தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலை, மாலை எழுதும் வெப்பநிலைப் பதிவேட்டைக் கடைசி மூன்று மாதத்துக்குப் புரட்டினாலே பழுது பிடிபடும்.

ஒப்படைப்புக் குறிப்பைப் போகிறவர் தனியாக எழுதினால் பாதி விட்டுப்போகும். மருந்தாளுநர், ஸ்டாஃப் நர்ஸ், சுகாதார ஆய்வாளர் ஆளுக்கொரு பக்கம் எழுதட்டும். அவர்கள்தான் அங்கேயே இருக்கப்போகிறவர்கள். முடிந்தால் இரு டாக்டர்களும் மூன்று நாளாவது சேர்ந்து வேலை பார்க்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேசையில் கையெழுத்துப் போட்டு முடிப்பது ஒப்படைப்பே அல்ல.

இரவு 2 மணிக்கு ரத்தப்போக்கு நிற்காத தாய்க்கு எந்த மருத்துவமனையில் யாரைக் கூப்பிடுவது என்ற எண்கள் பெரும்பாலும் பழையவர் போனில்தான் இருக்கும். அவர் கிளம்பும் முன் வாங்கி லேபர் ரூம் சுவரில் ஒட்டிவிடுங்கள்.