முதலில் தண்ணீர், அப்புறம் ஸ்பா: கடலோரத்தில் வெல்னஸ் ரிசார்ட் கட்ட நினைப்பவர்களுக்கு

கோவளம் தாண்டி மரக்காணம் வரை ஈசிஆர் ஓரமாக நிலம் வாங்குகிறவர்கள் இப்போது வெறும் ரிசார்ட் என்று சொல்வதில்லை, வெல்னஸ் என்கிறார்கள். ஆயுர்வேத சிகிச்சை, யோகா மேடை, வில்லாவுக்கு ஒரு குட்டிக் குளம், கடலைப் பார்த்தபடி குளியல் தொட்டி. இப்படிப்பட்ட திட்டங்களுக்கு அனுமதி, தண்ணீர், கழிவுநீர் மூன்றையும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வரும்போதே ஆர்க்கிடெக்டின் 3டி படம் தயாராக இருக்கும். தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால், "போர் போட்டுக்கலாம் சார்" என்பார்கள்.

போர் போடலாம், முதல் வருஷம் நல்ல தண்ணீரே வரும். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் நிற்கிறது. உப்புநீர் சற்றுக் கனம் கூடியது, அதனால் இரண்டும் அவ்வளவாகக் கலப்பதில்லை. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை அது இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இதையே திருப்பிப் போடுங்கள். மோட்டார் ஓடி மேல்மட்டம் அரை மீட்டர் இறங்கினால், நாளடைவில் கீழேயிருந்து உப்பு 20 மீட்டர் ஏறிவரும். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர்க் கிணற்றுக்கும் இதே தண்ணீர்தான்.

எவ்வளவு வேண்டும்? ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குப் படுக்கைக்கு நாளொன்றுக்கு 320 லிட்டர் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பக்கத்துக் குப்பத்தில் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தின் இலக்கு ஆளுக்கு 55 லிட்டர். 60 அறை, 120 படுக்கை என்றால் 38,400 லிட்டர் ஆகிறது. ஊழியர்கள், புல்தரை, குட்டிக் குளங்கள் எல்லாம் இதற்கு மேல். எண்ணெய் சிகிச்சை நடக்கும் இடத்தில் லாண்டரி தனிச் செலவு. தைலம் பிடித்த துண்டும் விரிப்பும் ஒரு அலசலில் சுத்தமாவதில்லை.

கிணறு உப்பானதும் எல்லோரும் ஆர்ஓ பக்கம், அதாவது சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் இயந்திரத்தின் பக்கம் போகிறார்கள். டிடிஎஸ் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) 4,000 உள்ள தண்ணீரில் பாதியை நல்ல தண்ணீராக எடுத்தால், மீதிப் பாதி கிட்டத்தட்ட 8,000-த்தோடு வெளியே வரும். அதைத் தோட்டத்து மூலையில் ஒரு குழியில் விட்டுவிடுவார்கள். உப்பை மணலால் வடிகட்ட முடியாது, அது நேரே கிணற்றுக்கே திரும்பும். அடுத்த கோடையில் மெம்ப்ரேன் (அந்தச் சவ்வு) சரியில்லை என்று சப்ளையரோடு சண்டை நடக்கும்.

சட்டம் இதை யோசித்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தொடும் எல்லையிலிருந்து) 200 மீட்டருக்குள் ரிசார்ட்டுக்கு நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது. 200 முதல் 500 மீட்டர் வரை நிலத்தடி நீர் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். எனவே லாரித் தண்ணீரா, கடல்நீரைக் குடிநீராக்கும் சொந்த ஆலையா, சுத்திகரித்த கழிவுநீரைத் தோட்டத்துக்கும் ஃபிளஷுக்கும் திருப்புவதா என்று நிலம் பேசும்போதே முடிவெடுக்க வேண்டும். கடைசியில் சொன்னது கட்டாயம், மற்ற இரண்டும் பணத்தைப் பொறுத்தது. கிணற்றைச் சோதிப்பதை மே மாதக் கடைசியில் செய்யுங்கள். டிசம்பரில் எந்தக் கிணறும் இனிக்கும்.

கழிவுநீருக்கு வருவோம். கார்த்திகை மழையில் இந்த மணலில் சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். அங்கே புதைத்த காலி செப்டிக் டேங்க் படகு போல மேலே எழும்பிவிடும், எழும்பாவிட்டால் அதிலுள்ள கழிவு கிணற்றோடு கலக்கும். சரி, எஸ்டிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) வைக்கிறோம் என்பார்கள். திங்கள் முதல் வியாழன் வரை பத்து அறையில் ஆள் இருக்கும், சனிக்கிழமை அறுபதும் நிறைந்துவிடும். எஸ்டிபிக்குள் வேலை செய்வது பாக்டீரியா. நாலு நாள் பட்டினி போட்டு ஐந்தாம் நாள் பந்தி வைத்தால் அது தாங்காது. அதனால் வரும் நீரைப் பிடித்துவைத்துச் சீராக அனுப்பும் தொட்டி பெரிதாக வேண்டும், எஸ்டிபியையும் இரண்டு பாதியாகப் பிரித்துக் கட்ட வேண்டும். சிகிச்சை அறைகளிலிருந்து வரும் குழாயில் எண்ணெய் பிடிக்கும் தொட்டி தனியாக இருக்கட்டும். ஒத்தடக் கிழியில் கட்டிய இலை தழையும் தைலமும் சேர்ந்து குழாயை அடைக்கிற விதத்தைப் பார்த்த பிளம்பர் யாரும் இதில் மறுத்துப் பேச மாட்டார்.

உயர் அலைக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்ற விஷயத்தில் புரோக்கர் பேச்சை நம்ப வேண்டாம். "இப்பல்லாம் 50 மீட்டர்தான் சார்" என்பது பாதி உண்மை. கடற்கரை மண்டல விதிகளின் 2019 அறிவிக்கையில் அந்தச் சலுகை, 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமப்புறப் பகுதிகளுக்கு மட்டும். அதுவும் புதிய கடற்கரை மேலாண்மை வரைபடம் அங்கீகாரம் பெற்ற பிறகே. மற்ற கிராமப்புறக் கரைகளில் 200 மீட்டர்தான். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் 1:4000 அளவில் உங்கள் சர்வே எண்ணை வைத்து வரைபடம் வாங்குங்கள், அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனமே அதைச் செய்து தருகிறது.

பஞ்சாயத்து அனுமதி கையில் இருந்தால் போதும் என்பவர்களுக்கு நான் காட்டுவது வேம்பநாட்டுக் காயலின் நெடியதுருத்துத் தீவை. காப்பிகோ ரிசார்ட் அங்கே 54 வில்லாக்கள் கட்டியது, பஞ்சாயத்தின் கட்டட அனுமதியோடுதான். கடற்கரை மண்டல விதியை மீறியதால் 2013-ல் கேரள உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது, 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2022 செப்டம்பரில் இடிப்பு தொடங்கியது.

மணலையும் சேர்த்துப் பாருங்கள். நம் கிழக்குக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. புதுச்சேரியில் 1980-களில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டியபின் வடக்கே கரை அரித்துப்போனது. கற்களைக் கொட்டினார்கள், அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. உங்கள் மனைக்குத் தெற்கே புதிதாகக் கல் கொட்டியிருக்கிறார்களா என்று நடந்து பாருங்கள். கடல் தெரியவில்லை என்று மணல்மேட்டைச் சமப்படுத்துவதைச் சட்டம் தடுக்கிறது, அதோடு அது அசட்டுத்தனமும்கூட. அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்துவைத்திருக்கும் அந்த மேடு புயல் நாளில் உங்கள் வில்லாவுக்கு முன்னால் நிற்கும். ஜனவரி முதல் சில மாதங்கள் பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை இது. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஊரும், அதனால் கடல் பக்கம் விளக்கைக் குறையுங்கள்.

கடைசியாக வழி. இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நடுவே கரைக்குப் போக 20 மீட்டர் அகலம் விட வேண்டும் என்பது விதி. விதிக்கு மேலே, கரைவலை இழுக்கும் இடமும் படகு ஏற்றும் இடமும் எது என்பது ஊர்ப் பஞ்சாயத்தாருக்குத்தான் தெரியும், பட்டாவில் இருக்காது. வேலிக்கல் நடுவதற்கு முன் அவர்களோடு நின்று அந்த இடங்களை வரைபடத்தில் குறித்துவிடுங்கள். கல் நட்ட பிறகு போய்ப் பேசினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.